கோடிக்கரையும் வடகோடியும்

டி.வி. செய்தியில் "ஹைதராபாத்தில் இன்று 42 டிகிரி" என்று சொன்னால் அது எங்கள் பேட்டை வெயில். வானிலை ஆய்வு மையம் பேகம்பேட் பழைய விமான நிலையத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 2008 மார்ச்சில் பயணிகள் விமானமெல்லாம் ஷம்ஷாபாத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. வெப்பமானியும் மழைமானியும் மட்டும் இடம் மாறவில்லை. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் மழை பதிவானதும் இங்கேதான்.

இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வினோதம் உண்டு. இங்கே ஜூனில் ஆரம்பிக்கும் மழை செப்டம்பரோடு ஓயும். "அப்பாடா, துணி காயும்" என்று நாம் மூச்சு விடும்போது, ஊரில் பெரியப்பா போனில் "இங்க இனிமேதான்" என்பார். அதாவது வருஷத்தில் இரண்டு மழைக்காலம் நமக்கு. ஒன்று உடம்புக்கு, இன்னொன்று மனசுக்கு.

என் அம்மா வழி உறவெல்லாம் வேதாரண்யம் பக்கம். அதற்கும் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நிலம் முடிந்துவிடும். அந்த இடம்தான் கோடிக்கரை. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம்; பூங்குழலி படகோட்டிய ஊர். நம்மில் பலருக்கு அந்த ஊர் நாவலோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ அதன் நிஜமான சரித்திரம் காற்றும் மண்ணும் தண்ணீரும் பறவையும் சேர்ந்து எழுதியது என்று தோன்றும். அதில் ஒரு பாதி ஆர்க்டிக் கடலோரத்தில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே ஏறக்குறைய நேராக இறங்கி வரும் கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிட்டத்தட்ட செங்கோணம். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. எதிரே யாழ்ப்பாணக் கரைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே ஊரில் நின்றுகொண்டு அலையடிக்கும் கடலையும் குளம் போல் கிடக்கும் கடலையும் பார்க்கலாம். அங்குள்ள மிக உயர்ந்த இடம் இராமர் பாதம் என்ற மணல்மேடு. இராமர் இதன் மேல் நின்றுதான் இலங்கையை நோட்டம் விட்டார் என்பது ஐதீகம். உயரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கடல் மட்டத்திலிருந்து சுமார் நாலு மீட்டர். பேகம்பேட்டில் ஒரு மாடி வீட்டு மொட்டை மாடி அளவு! அந்தப் பக்கத்தில் அதுதான் மலை.

வெள்ளைக்காரன் வைத்த பெயர் பாயின்ட் காலிமேர். இது ஏதோ இத்தாலியப் பெயர் போலக் காதில் விழும். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைக் 'கள்ளிமேடு' என்ற தமிழ்ப் பெயரின் திரிபு என்று சொல்கிறது. கள்ளிச்செடி முளைத்த மேடு, அவ்வளவுதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலில் இந்தக் கரையில் 'கோரி' என்ற முனை வருகிறது. அதற்கே 'கல்லிகிகோன்' என்று இன்னொரு பெயரும் தருகிறார். கோரி என்பது கோடிதான், ஆனால் தனுஷ்கோடி என்று ஒரு கட்சி. கல்லிகிகோன் என்பது கள்ளிமேடு என்று இன்னொரு கட்சி. என் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், நான் அந்த ஊர்க்காரன்!

இந்த முனையின் வானிலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வர்ணனைகளில் ஒன்று ஒரு தேவாரப் பதிகம். எட்டாம் நூற்றாண்டு வாக்கில் சுந்தரர் சேரமான் பெருமாளோடு திருமறைக்காடு (வேதாரண்யம்) வந்து, அங்கிருந்து கோடிக் குழகர் கோயிலுக்கு வருகிறார். மற்ற ஊர்களில் வயலையும் மாடவீதியையும் பாடியவர், இங்கே வந்ததும் சுவாமியைப் பார்த்து வருத்தப்படுகிறார். இப்படிக் கடற்காற்று வந்து மோதும் கரையில், துணைக்கு ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறாயே என்பதுதான் பதிகம் முழுக்க அவர் குறை. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பு அங்கே வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கவனித்த முதல் விஷயம் காற்று, இரண்டாவது தனிமை. இன்றைக்கு மார்கழியில் போய் நின்றாலும் அதே வரிசையில்தான் இரண்டும் தெரியும்.

காற்றை விட்டால் கோடிக்கரைக்குக் கதையே இல்லை. அக்டோபரில் வாடை கிளம்பும். வங்கக் கடல் பக்கம் அலை புரளும். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஏப்ரலுக்கு மேல் தெற்கும் தென்மேற்கும் எடுக்கும், தூசியும் வெயிலும்தான். வாடை வீசும் மாதங்களில் வேறு மீனவக் கிராமங்களிலிருந்து படகோடு வந்து கரையில் கொட்டகை போட்டு மார்ச் வாக்கில் திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். அதாவது அங்கே மீன்பிடியே ஒரு புலம்பெயர் தொழில். ஆறு மாதக் 'கான்ட்ராக்ட்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்காலத்து நீரோட்டம் மணலையும் சேற்றையும் தெற்கே இழுத்து வருகிறது. முனையைத் தாண்டி பாக் நீரிணைக்குள் திரும்பியதும் வேகம் குறைகிறது; சுமையை இறக்கி வைத்துவிடுகிறது. கடந்த ஆறாயிரம் ஆண்டுகளில் கடல் பின்வாங்கப் பின்வாங்க, இப்படி வரிசை வரிசையாக மணல்மேடுகள் எழுந்து உருவானதுதான் இந்த மூக்கு. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அந்த வரிகள் தெரியும். ஊர்களும் சாலைகளும் மேடுகளின் மேல்; இடையில் உள்ள தாழ்வில் சதுப்பு. 1998-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் நிலவியல் ஆய்வாளர் ராமசாமியின் குழு, இந்தக் கரை வளரும் வேகத்தைக் கணக்குப் போட்டு, இப்படியே போனால் இன்னும் 400 ஆண்டில் யாழ்ப்பாணத்தோடு ஒட்டிவிடக்கூடும் என்று எழுதியது. 'இப்படியே போனால்' என்பதில் தான் எல்லாம் இருக்கிறது. ஆறு மணல் தந்தால்தானே?

மேடுகளுக்குப் பின்னால் பாக் நீரிணையை ஒட்டி மேற்கே சுமார் 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரும் சதுப்பு கிடக்கிறது. மழைக்காலத்தில் காவிரிக் கிளைகளின் கடைமடைத் தண்ணீர் வந்து உப்புநீரோடு கலக்கும். கோடையில் வற்றி வெடித்து வெள்ளையாக உப்புப் பூக்கும். இந்தத் தரை இயல்பாகவே உப்பு விளைந்த தரை. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய ராஜாஜி வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்ததில் சர்தார் வேதரத்தினத்தின் அழைப்புக்கும் பங்குண்டு, இந்த மண்ணுக்கும் பங்குண்டு. ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார். அது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம், அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது பறவைக்கு வருவோம்.

1957-ல் கர்நாடகத்து ஷிமோகா காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர். அந்த வைரஸ் சைபீரியாவில் இருக்கும் ஒரு வைரஸுக்கு உறவு என்று தெரிந்ததும், அங்கிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளோடு அதையும் சுமந்து வந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சலீம் அலியும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டும் வேலையைத் தொடங்கினார்கள். அறுபதுகளில் சலீம் அலியின் கண்ணில் கோடிக்கரை பட்டது. 1967-ல் சரணாலயம் ஆயிற்று. பிறகு பல ஆண்டுகள் கழகத்தின் முக்கியமான வளைய முகாம்களில் ஒன்று அங்கே இயங்கியது. பறவை பிடிக்கப் பீகாரிலிருந்து மிர்ஷிகார் என்ற பரம்பரை வலைக்காரர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டின் ஒரு மூலையில், இந்தி பேசும் வலைக்காரர் கையில், ரஷ்யாவிலிருந்து வந்த பறவை! நாமெல்லாம் புலம்பெயர்வதைப் பெரிதாகப் பேசுகிறோம்.

பூநாரைதான் எல்லோருக்கும் தெரிந்த பறவை. நான் சொல்ல வந்தது அதுவல்ல. சேற்றோரத்தில் எலிக்குஞ்சு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் உள்ளான்கள். கொசு உள்ளான் என்று ஒன்று, இருபத்தைந்து கிராம் இருக்கும். அலகு கீழ்நோக்கி வளைந்த இன்னொரு உள்ளான், அறுபது கிராம் போல. இரண்டுமே கூடு கட்டுவது ஆர்க்டிக் தூந்திரத்தில். வளைந்த அலகுக்காரனுக்குச் சைபீரியாவின் டைமிர் தீபகற்பம்தான் தாய்வீட்டின் நடுக்கூடம்.

அந்த டைமிரின் உச்சியில் இருப்பது செல்யூஸ்கின் முனை. ஆசியாவின், ஏன், ஐரோப்பா ஆசியா இரண்டும் சேர்ந்த பெருநிலத்தின் வடகோடி. நம்முடையது 10 டிகிரி வட அட்சம், அது 77 டிகிரி 43 நிமிஷம். நடுவில் நேர்கோட்டில் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். 1742 மே மாதம் செம்யோன் செல்யூஸ்கின் என்ற ரஷ்யக் கடற்படை மாலுமி நாய்வண்டியில் அங்கே போய்ச் சேர்ந்தார். கப்பலில் அந்த முனையைக் கடக்க அதற்குப் பிறகு 136 வருஷம் ஆயிற்று. 1878 ஆகஸ்டில் நோர்டென்ஷல்ட் என்பவர் வேகா என்ற கப்பலில் கடந்தார். 1932-லிருந்து அங்கே ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. அதன் கணக்குப்படி குளிர்கால மாதங்களின் சராசரி மைனஸ் 25-க்கும் கீழே. நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 தான். சரி, கோடையாவது? ஜூலை மாதச் சராசரி ஒன்று, ஒன்றரை டிகிரி. அங்கே சூரியன் ஏப்ரல் கடைசியில் உதித்தால் ஆகஸ்ட் வரை மறையாது. அக்டோபர் கடைசியில் மறைந்தால் பிப்ரவரி வரை எட்டிப் பார்க்காது. முனை கல்லும் பாசியுமாகக் கிடக்கும் குளிர்ப் பாலை. கொஞ்சம் தெற்கே இறங்கினால்தான் பறவை கூடு கட்டும் ஈரத் தூந்திரம்.

ஒரு ஒற்றுமையைப் பாருங்கள். செல்யூஸ்கின் முனைக்கும் எதிரே ஒரு நீரிணை. வில்கிட்ஸ்கி நீரிணை. அதன் மிகக் குறுகிய இடத்து அகலமும் சுமார் 55 கிலோமீட்டர்தான், கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தூரம் போல. அந்தப் பக்கம் ஒரு பெரிய தீவுக்கூட்டமே இருந்தும், 1913 வரை உலகத்துக்கு அது தெரியாது. ஆண்டில் பெரும்பகுதி பனியும் மூட்டமும் மூடிக் கிடந்தால் எப்படித் தெரியும்? அதே அகல நீரை நம்மவர்கள் தோணியில் ஒரு ராத்திரியில் தாண்டி யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசிவிட்டு வந்தார்கள். தூரம் ஒன்றுதான். வானிலை வேறு, அதனால் சரித்திரமும் வேறு.

அந்த உறைநிலத்தில் பறவைக்கு என்ன வேலை? ஜூனில் பனி உருகியதும் ஈரநிலமெல்லாம் பூச்சி புறப்படும். இருட்டே இல்லாததால் இருபத்து நாலு மணி நேரமும் இரை. ஆறேழு வாரம், அவ்வளவுதான் காலம். ஆண் பறவை முட்டைக்கு வழி செய்துவிட்டு ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். குஞ்சைப் பார்த்துக்கொள்வது தாய். அவளும் பிறகு போய்விடுவாள். ஆகஸ்டில் இறக்கை முற்றிய குஞ்சுகள், வழி காட்ட யாருமில்லாமல், பார்த்தேயிராத ஊருக்குப் பறக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்கு வர மறுக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் பலிக்கவில்லை.

இன்னும் சுவாரஸ்யம் இருக்கிறது. தூந்திரத்தில் லெம்மிங் என்றொரு எலி உண்டு. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை கணக்கில்லாமல் பெருகும், மறு வருஷம் அற்றுப்போகும். பெருகிய வருஷம் நரிக்கு வயிறு நிறைய எலி. பறவைக் கூட்டைச் சீண்டாது. அற்றுப்போன வருஷம் அதே நரி முட்டையையும் குஞ்சையும் துடைத்துவிடும். ஆக, டைமிரில் எலி செழித்ததா இல்லையா என்பதை வெப்ப நாட்டுக் கரைகளில் அந்தக் குளிர்காலத்து உள்ளான் கூட்டத்தில் இளசுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லலாம். எழுபதுகளின் கடைசியிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிய விஷயம் இது. ஒரு கரையின் வானிலையை இன்னொரு கரையின் சேற்றில் படிக்கிறார்கள்.

ஆர்க்டிக் சூடாவது இங்கேயும் வந்து சேரும் என்பதற்கு வேறொரு கரையின் உதாரணம் இருக்கிறது. டைமிரில் பிறந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாரிடேனியாவுக்குப் போகும் செம்மார்பு உள்ளானைப் பற்றி 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. 33 ஆண்டுகளில் பனி உருகும் நாள் வருஷத்துக்கு அரை நாள் வீதம் முந்திக்கொண்டே வந்திருக்கிறது. பூச்சி முன்னாலேயே எழுந்து அடங்கிவிட, குஞ்சுகள் சிறுத்துப் பிறக்கின்றன, அலகும் குட்டை. ஆப்பிரிக்கக் கரையில் ஆழத்துச் சிப்பியை எட்டமுடியாமல் குட்டை அலகுக்காரர்கள் அதிகம் சாகிறார்கள். பிறந்த வீட்டில் பட்ட குறை, பிழைக்கப் போன இடத்தில் தெரிகிறது. கோடிக்கரைக்கு வரும் வளைந்த அலகு உள்ளானின் எண்ணிக்கையும் உலக அளவில் சரிந்துகொண்டே வருகிறது. 2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழியும் அபாயத்துக்குள்ளான பறவைகளில் சேர்த்தது. கரண்டி போல அலகுள்ள சின்ன உள்ளான் ஒன்றும் எண்பதுகளில் கோடிக்கரையில் பதிவாகியிருக்கிறது. ரஷ்யாவின் வடகிழக்குக் கடலோரத்தில் மட்டுமே கூடு கட்டும் பறவை. இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை சில நூறு.

பழியை எல்லாம் ஆர்க்டிக் மேல் போட்டுவிடுவது சௌகரியம். ஆனால் நம் கோடியில் நடந்ததும் கொஞ்சமில்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு கடைமடைக்கு வரும் தண்ணீர் படிப்படியாகச் சுருங்கியது. தனியார் உப்பளங்கள் சதுப்புக்குள் விரிந்தன. நல்ல தண்ணீர் குறைந்து உப்பு ஏறினால் சேற்றிலுள்ள புழுபூச்சியின் கணக்கு மாறும். புழு மாறினால் பறவை மாறும். ஒரு காலத்தில் பல்லாயிரக்கணக்கில் இறங்கிய பூநாரைகள் தொண்ணூறுகளுக்குப் பிறகு பெரிதும் குறைந்ததற்குக் கழகத்தின் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இவை முக்கியமானவை. 2002-ல் ராம்சார் சாசனப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பட்டம் கிடைத்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவதாக. 38,500 ஹெக்டேர். பட்டத்தோடு தண்ணீரும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு புயல். 1952 நவம்பர், 1977 நவம்பர் என்று ஊர்ப் பெரியவர்கள் வயதைச் சொல்வதே புயலை வைத்துத்தான். 2004 சுனாமியில், சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தில் மிஞ்சியிருந்ததும் சரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. சரணாலயத்தின் பசுமை மாறாக் காட்டில் நூற்றாண்டு மரங்களெல்லாம் சாய்ந்தன; வெளிமான்கள் செத்துக் கரை ஒதுங்கின. மூன்று நாள் கழித்துப் பெரியப்பாவுக்கு லைன் கிடைத்தபோது, "எத்தனை தென்னை போச்சு?" என்று கேட்டேன். "போனதை எவன் எண்றது? நிக்கிறது பதினொண்ணு" என்றார். மாவும் முந்திரியும் அந்தக் கணக்கில் வரவேயில்லை. அந்த வருஷம் தஞ்சை, நாகை, திருவாரூர் பக்கத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் வேலை தேடி வந்தார்கள் என்பதை இங்கே தமிழ் மெஸ் நடத்துபவரைக் கேட்டால் சொல்வார். தென்னை காய்க்க ஐந்தாறு வருஷமாகும். அதுவரை?

ஒரு ஆறுதல். நாம் இருக்கும் இதே ஹைதராபாத்தில், பிரகதி நகரில், இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் இருக்கிறது. 1999-ல் தொடங்கியது, 2007 அக்டோபரிலிருந்து நாட்டின் சுனாமி எச்சரிக்கை அங்கிருந்துதான் போகிறது. அலை எவ்வளவு உயரம் எழும், கடல் எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பும் அங்கே தயாராகித்தான் கோடிக்கரை மீனவர் காதுக்குப் போகிறது. கடலே இல்லாத ஊரிலிருந்து! பெரியப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நீ போய் நல்லதா எழுதச் சொல்லிட்டு வா" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம், புயல் செய்தி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இங்கிருந்து சென்னை வரை சார்மினார். 2023 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம்-செங்கோட்டை ரயில் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் போகிறது. அதே நாளில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கும் அகலப் பாதையில் ரயில் விட்டார்கள். அகஸ்தியம்பள்ளியோடு தண்டவாளம் முடிந்துவிடும். மிச்சம் பஸ் அல்லது ஆட்டோ. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று போனால் கடலில் முழுக வந்த கூட்டத்தைத்தான் பார்க்கலாம், பறவையை அல்ல. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய செருப்பு வேண்டாம், அந்தச் சேறு அதைத் திருப்பித் தராது.